துணைவேந்தர் பதவியும் தோட்டத்துப் பிள்ளையும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு, இரத்தினபுரியையும் பெல்மதுளையையும் பலாங்கொடையையும் கடந்து, மலைநாட்டின் தென்சரிவை அணுகும் இடத்தில் பெலிகுல் ஓயா என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்கே, மலைச்சுவரின் அடியில், ஒரு பல்கலைக்கழகம் நிற்கின்றது. சமனலவெவ நீர்மின் திட்டத்தை அமைத்தோர் தங்குவதற்கும் பணிபுரிவதற்கும் எழுப்பிய கட்டடங்கள், அத்திட்டம் நிறைவெய்திய பின்னர் கல்விக்கு உரியனவாயின. 1991ஆம் ஆண்டில் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் முழுப் பல்கலைக்கழகமாகத் திறந்து வைக்கப்பெற்ற சப்ரகமுவப் பல்கலைக்கழகமே அது.

அப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் மாணிக்கத்திற்குப் பெயர் பெற்றவை. தேயிலைக்கும் றப்பருக்கும் பெயர் பெற்றவை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற என்னும் பெயர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் குடும்ப வரலாறுகளில் ஐந்தாறு தலைமுறைகளாகக் கலந்து நிற்பவை. நுவரெலியாவைப் போன்று இங்கே தமிழ் மக்கள் திரண்டு வாழ்வதில்லை. ஒரு தோட்டத்திற்கும் அடுத்த தோட்டத்திற்கும் இடையே சிங்களக் கிராமங்கள் உள்ளன, வயல்கள் உள்ளன, மாணிக்கக் குழிகள் உள்ளன. ஆகவே இவர்களுடைய குரல் நாட்டின் காதில் விழுவது அரிதாகவே இருந்து வந்துள்ளது.

இத்தகைய ஒரு தோட்டத்தில், விடியற்காலையில் பெரட்டுக் களத்திற்குச் செல்லும் தாயொருத்தியிடம், பல்கலைக்கழகத்தின் அடுத்த துணைவேந்தர் யாவர் என்று வினவினால், தனக்கும் அதற்கும் யாது தொடர்பு என்றே அவள் திருப்பிக் கேட்பாள். அக்கேள்வி நியாயமானது. துணைவேந்தர் நியமனம் என்பது பேராசிரியர்களின் போட்டி, அரசியல்வாதிகளின் கணக்கு, பத்திரிகையின் ஒரு மூலைச் செய்தி என்றே பலராலும் கருதப்படுகின்றது. ஆயினும் அந்நியமனம் எவ்வாறு நடைபெறுகின்றது, நியமனம் பெற்றவர் எதனைச் செய்ய வல்லவர், எதனைச் செய்யத் தவறக்கூடியவர் என்பனவற்றை ஆராய்ந்து பார்த்தால், அத்தாயின் மகளுடைய வாழ்வுக்கும் அப்பதவிக்கும் இடையே மெல்லிய, ஆனால் அறுபடாத ஓர் இழை ஓடுவது புலனாகும்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நடைபெறுகின்றன. அச்சட்டம் வகுத்த முறை இதுவாகும். பல்கலைக்கழகத்தின் பேரவை மூவரைத் தெரிந்து பரிந்துரைக்கும். அப்பெயர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குச் செல்லும். ஆணைக்குழுவின் விதப்புரையின்மேல் சனாதிபதி அம்மூவரில் ஒருவரை நியமிப்பார். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். பேரவையின் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவரே நியமிக்கப்பட வேண்டும் என்று சட்டம் விதிக்கவில்லை. மூவருள் எவரும் நியமனம் பெறலாம்.

இவ்வாறு நியமனம் பெற்ற துணைவேந்தர், பல்கலைக்கழகத்தின் முதன்மை நிருவாக அலுவலர். முதன்மைக் கல்வி அலுவலரும் அவரே. பேரவைக்கும் மூதவைக்கும் தலைமை தாங்குபவர் அவர். பணத்துக்குக் கணக்குக் காட்டும் பொறுப்பும் அவருடையது. எந்தப் புதிய கற்கைநெறிக்கு முதலிடம் கொடுப்பது, வெற்றிடமாயுள்ள விரிவுரையாளர் பதவிகளுள் எதனை முதலில் நிரப்புவது, எந்த நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்வது என்னும் வினாக்கள் பேரவையிலும் மூதவையிலும் முடிவாவன எனினும், அவ்வினாக்களை அவற்றின் முன் வைப்பவர் பெரும்பாலும் துணைவேந்தரே ஆவார். முன்வைக்கப்படாத வினாவுக்கு எந்தச் சபையும் விடையளிப்பதில்லை.

பேரவை என்பது யாது என்பதையும் இங்கே அறிதல் வேண்டும். துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவையின் பிரதிநிதிகள் ஆகியோர் அதன் உள்ளுறுப்பினர். அவர்களுடைய தொகையினும் ஒருவர் மிகுதியாக, வெளியிலிருந்து மானியங்கள் ஆணைக்குழு உறுப்பினர்களை நியமிக்கின்றது. கல்வி, தொழில், வணிகம், கைத்தொழில், அறிவியல், நிருவாகம் என்னும் துறைகளிற் சிறந்த பணியாற்றியோர் இவ்வாறு நியமிக்கப்படலாம் என்பது சட்டத்தின் கருத்து. பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்த சமுதாயத்தை மறந்துவிடலாகாது என்பதற்காகவே வெளியுறுப்பினர்க்குப் பெரும்பான்மை அளிக்கப்பட்டது. சப்ரகமுவ மாகாணத்துப் பல்கலைக்கழகமொன்றின் பேரவையில், தோட்டப் பாடசாலையொன்றின் அதிபராக நெடுநாள் இருந்தவரோ, தோட்டச் சுகாதாரப் பணியில் அனுபவம் பெற்றவரோ ஒருவர் அமர்ந்திருப்பாராயின், துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வினா தவறாது கேட்கப்படும்: மதிலுக்கு வெளியே வாழும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யப்போவது யாது? அவ்வினா கேட்கப்படும் சபையிலிருந்து வரும் துணைவேந்தர் வேறு. கேட்கப்படாத சபையிலிருந்து வருபவர் வேறு.

இனி, பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு என்னும் விடயத்தை நோக்கலாம். இதற்குச் சற்று வரலாறு வேண்டும். 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது நாட்டில் இருந்தது ஒரேயொரு பல்கலைக்கழகமே. சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952ஆம் ஆண்டில் அது பேராதனைக்குக் குடிபெயரத் தொடங்கிற்று. 1959இல் வித்தியோதயம், வித்தியாலங்காரம் ஆகிய இரண்டும் பல்கலைக்கழகங்களாயின. 1966ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை மேற்பார்வை செய்யத் தேசிய உயர்கல்விச் சபையை அமைத்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாகப் பிணைத்து, இலங்கைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே நிறுவனத்தின் வளாகங்களாக ஆக்கிவிட்டது. துணைவேந்தர் ஒருவரே, வளாகந்தோறும் ஒரு தலைவர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கிய பொழுது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானது இம்முறையின் கீழேயாகும்.

ஒரே குடையின் கீழ் வைத்தால் ஒற்றுமை தானே வளரும் என்பது அக்காலத்து எண்ணம். ஆனால் சிறு காரியத்திற்கும் கொழும்பின் இசைவை எதிர்பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. ஒவ்வொரு வளாகமும் தன் இடத்தைக் காத்துக் கொள்வதிலேயே கருத்தாயிருந்தது. ஆறே ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களை நிறுவி, அவற்றை ஒருங்கிணைக்கவும் நிதியைப் பங்கிடவும் தரத்தைப் பேணவும் மாணவரைச் சேர்க்கவும் மானியங்கள் ஆணைக்குழுவை ஏற்படுத்திற்று. 1979ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனித்து நின்றது. பேராதனையிற் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதன் முதல் துணைவேந்தரானார்.

கட்டிவைத்தல் கூட்டுறவு ஆகாது என்பது 1972 தந்த பாடம். பிரித்துவைத்தல் மட்டும் வளர்ச்சி ஆகாது என்பது அதன் பின்னர் கிடைத்த பாடம். இன்று மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ்ப் பதினேழு பல்கலைக்கழகங்கள் உள்ளன. துணைவேந்தர்களும் பணிப்பாளர்களும் கூடும் ஒரு குழுவும் உண்டு. ஆயினும் ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் மற்றொன்றிற் சென்று ஒரு தவணை கற்பிப்பதோ, ஒன்றிற் கற்ற பாடத்தை மற்றொன்று தன் பட்டத்திற்கு ஏற்றுக்கொள்வதோ, இரண்டும் சேர்ந்து ஒரு கற்கைநெறியை நடத்துவதோ இன்னும் அன்றாட வழக்காகவில்லை. சப்ரகமுவப் பல்கலைக்கழகமே கூட்டுறவின் குழந்தை என்பதை மறக்கலாகாது. இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரே, வளர்ந்த பல்கலைக்கழகத்தின் துணையோடு நடைபயின்ற கல்லூரி என்பதைத்தான் குறிக்கின்றது. தன் சிறுபருவத்தில் பிறர் கைப்பிடித்து நடந்த நிறுவனம், பிறர்க்குக் கைகொடுக்கும் கடமையும் உடையது.

இப்போது தோட்டத்தின் பக்கம் திரும்புதல் வேண்டும். 1940களில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் பரவிய காலத்தில், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் புறத்தேயே நின்றன. தோட்டத்துரையின் பொறுப்பில், ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாகவே அவை இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1970களில் தொடங்கியே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்கள் பெருந்துன்பம் அடைந்தன. இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறின. சிதறுண்ட சமுதாயத்தில் முதலிற் சிதறுவது பாடசாலை. ஆசிரியர் போய்விட்டால் வகுப்பு நின்றுவிடும். ஒருமுறை நின்ற உயர்தர வகுப்பு மறுபடி தொடங்குவது எளிதன்று.

அவ்வரலாற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எட்டியாந்தோட்டையை அடுத்த ஒரு றப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள், சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி பெறுகின்றாள் என்று கொள்ளலாம். உயர்தரத்தில் உயிரியல் கற்க விரும்புகின்றாள். ஆனால் சப்ரகமுவ மாகாணத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞான உயர்தரம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. அவளுக்கு மூன்று வழிகள் உண்டு. ஊரைவிட்டு, அட்டனிலோ கொழும்பிலோ தங்கிப் படிக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். சிங்களமொழி மூலப் பாடசாலைக்கு மாறலாம். பதினாறாம் வயதிற் கற்கும் மொழியை மாற்றுவது கடினம். அல்லது விஞ்ஞானத்தைக் கைவிட்டுக் கலைப்பிரிவைத் தெரியலாம். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாவது வழியிற் செல்கின்றனர். அது அவர்களுடைய விருப்பத்தெரிவு என்று பிறர் கூறுவர்.

பல்கலைக்கழக அனுமதி முறையில் பின்தங்கிய இடங்களுக்குச் சலுகை உண்டு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பங்கீடு செய்யப்பட்டு வந்துள்ளது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இரத்தினபுரி உண்டு; கேகாலை இல்லை. இப்பங்கீடு மாவட்டத்தை நோக்குமேயன்றி, மாவட்டத்துள்ளே லயத்தையும் நகரத்தையும் பிரித்து நோக்காது. இரத்தினபுரி நகரின் நல்ல பாடசாலை மாணவனும், இறக்குவானைத் தோட்டத்து மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். விஞ்ஞான வகுப்பே இல்லாத இடத்தில், விஞ்ஞானத்திற்குரிய சலுகையாற் பயன் யாது?

வகுப்பு ஏன் இல்லை? ஆசிரியர் இல்லை. ஆசிரியர் ஏன் இல்லை? தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கவல்ல பட்டதாரிகள் இம்மாகாணத்திலிருந்து போதிய அளவு வெளிவருவதில்லை. பட்டதாரிகள் ஏன் வெளிவருவதில்லை? வகுப்பு இல்லை. செக்கைச் சுற்றும் மாட்டின் நடைபோல் இது சுற்றிக்கொண்டேயிருக்கின்றது. இச்சுற்றை அறுக்க வேண்டிய பொறுப்போ பலரிடம் பிரிந்து கிடக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழுள்ளன. கல்வியியற் கல்லூரிகள் மத்திய அமைச்சின் கீழுள்ளன. பல்கலைக்கழகங்கள் மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ளன. ஒவ்வொருவரும் தத்தம் எல்லையைக் காட்டிக் குற்றமற்றவராகின்றனர். எல்லைகளுக்கு இடைப்பட்ட வெளியிற் பிள்ளை நிற்கின்றாள்.

இங்கேதான் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு வெறும் மரியாதைச் சொல்லாக நில்லாது, தேவையாகின்றது. வேண்டிய பொருள்கள் நாட்டில் இல்லாமல் இல்லை; ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் உள்ளது. தமிழில் உயர்கல்வி கற்பித்த நெடிய அனுபவம் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கிழக்கிலும் உண்டு. ஆசிரியக் கல்வியிலே தேர்ச்சி கொழும்பிலும் பேராதனையிலும் உண்டு. தொலைக்கல்வி நடத்தும் ஆற்றல், 1980இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகத்திடம் உண்டு. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் முயற்சி, 2005இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் உண்டு. தாழ்நாட்டுத் தேயிலையை ஆராயும் நிலையம் இரத்தினபுரியிலேயே உண்டு. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திடம் விவசாய பீடமும் பிரயோக விஞ்ஞான பீடமும் புவித்தகவலியல் பீடமும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, தோட்டங்களுக்கு அண்மையில் அமைந்த இடம் உண்டு. யாழ்ப்பாணத்திடம் இல்லாதது இந்த இடம். சப்ரகமுவத்திடம் குறைவாக உள்ளது அந்த மொழி அனுபவம். இவ்விரண்டும் சேருமாயின், விடுமுறைக் காலங்களிற் பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் உயர்தர மாணவர்க்குத் தமிழில் விஞ்ஞானச் செய்முறை வகுப்புகளை நடத்தலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்க்கு வார இறுதியில் மேற்பயிற்சி அளிக்கலாம். ஆங்கிலமொழி மூலம் பட்டம் பயிலவரும் தோட்டத்து மாணவர்க்கு முதலாண்டில் மொழித்துணை நல்கலாம்.

இவற்றிற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; பெரும் பணமும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு முன்னரே உள்ளது. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் அவ்வலையமைப்பின் வழியாகவே பல்கலைக்கழகங்கள் தம் வகுப்புகளை நடத்தின. அப்பொழுது தோட்டத்து மாணவர் சிலர் கைப்பேசிக்குச் சமிக்ஞை தேடி மலைமுகட்டிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடங்கேட்டனர் என்பதும் நாடறிந்த செய்தி. வலை இருந்தது, அதன் கடைசி முழம் லயத்தை எட்டவில்லை. மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்திற் பதிவு பெற்றிருப்பினும், தம் ஊருக்கு அண்மையிலுள்ள பல்கலைக்கழகத்தின் நூலகத்தையும் கணினிக் கூடத்தையும் பயன்படுத்தலாம் என்று துணைவேந்தர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்வார்களாயின், அக்குறையில் ஒரு பகுதி நீங்கும்.

கூட்டுறவின் பயன் கல்வியோடு முடிவதில்லை; உயிரையும் காப்பது அது. 2016ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களிற் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லய வீடுகள் மண்ணிற் புதைந்து பல உயிர்கள் மாண்டன. சரிவான நிலத்தில், நூற்றாண்டுக்கு முன் கட்டப்பெற்ற லயங்களில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். நிலத்தை அளந்து வரைபடமாக்கும் அறிவு பெலிகுல் ஓயாவில் உண்டு. பாறையையும் மண்ணையும் ஆராயும் அறிவு பேராதனையில் உண்டு. எச்சரிக்கையை மக்கள் மொழியில் எடுத்துச் சொல்லத் தமிழ் கற்ற மாணவர் வேண்டும். மூன்றும் ஒரு மேசையில் அமர்ந்தாலன்றி, வரைபடம் அலுமாரியிலும் மக்கள் சரிவிலுமாகவே இருப்பர்.

அறிஞர்களும் அறிவும் இடம்விட்டு இடம் சென்றதனாலேயே தமிழ்க் கல்வி வளர்ந்தது என்பதற்குச் சான்றுகள் பல. விபுலானந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பணியேற்றவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. தனிநாயகம் அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றதன் விளைவாக, 1966இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாகக் கோலாலம்பூரிற் கூடியது. கடல்கடந்தும் கைகோக்க முடிந்த பல்கலைக்கழகங்கள், ஒரே தீவில், ஒரே திறைசேரியிலிருந்து பணம் பெறும் நிறுவனங்களாக இருந்தும் கைகோக்க இயலாதெனின், குறை எங்கே உள்ளது?

குறை பெரும்பாலும் தலைமையில் உள்ளது. மூன்று ஆண்டுப் பதவிக்காலத்தில் முதலாண்டு பழகுவதிற் கழிகின்றது. இறுதியாண்டு அடுத்த நியமனத்தைப் பற்றிய பேச்சிற் கழிகின்றது. இடைப்பட்ட ஓராண்டில், தன் வளாகத்தில் எழும் கட்டடமே கண்ணுக்குத் தெரியும் சாதனையாகின்றது. வேறொரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ஆசிரியர் பயிற்சிக்குத் திறப்புவிழாக் கல்வெட்டு இல்லை. அதன் பயன் பத்தாண்டுகளின் பின்னரே தெரியும். அந்தப் பத்தாண்டுப் பயனை எண்ணிச் செயற்படுபவரைத் தெரிந்தெடுப்பதே பேரவையின் கடமை.

நியமனம் தாமதமானால் நிலைமை இன்னும் மோசமாகும். தமிழ்நாட்டில் அண்மையில் நேர்ந்தது இதற்கு எச்சரிக்கை. துணைவேந்தரைத் தெரியும் அதிகாரம் ஆளுநருக்கா, மாநில அரசுக்கா என்னும் பிணக்கினால் பல பல்கலைக்கழகங்கள் தலைவரின்றி நின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறுடைய சென்னைப் பல்கலைக்கழகத்தில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டிற் பதவிக்காலம் முடிந்த துணைவேந்தருக்குப் பின் நெடுநாள் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவே நிருவாகத்தை நடத்தியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்திவைத்திருந்த பத்துச் சட்டமூலங்கள் நிறைவேறியனவாகக் கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. அவற்றுட் பல துணைவேந்தர் நியமனம் பற்றியவை. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் நியமன அதிகாரம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. யார் பக்கம் நீதி என்பது ஒருபுறமிருக்க, அந்நாட்களில் ஆசிரியப் பதவிகளுக்கும் புதிய பணிகளுக்கும் காத்திருந்தவர்கள் யாவர்? அரண்மனைக்கும் கோட்டைக்கும் இடையே நடைபெறும் வழக்கில் நட்டமடைவது குடிசையே.

இங்கே சிலர் ஒரு மறுப்பைக் கூறுதல் கூடும். மலையகத் தமிழருக்குத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்பது நெடுநாட் கோரிக்கை. அதனை விடுத்து ஏனைய பல்கலைக்கழகங்களின் கூட்டுறவை நம்பியிருப்பது ஏமாற்றமன்றோ என்பது அவர்கள் வினா. அக்கோரிக்கைக்குப் பின்னுள்ள வேதனை உண்மையானது. ஆயினும், தனிப் பல்கலைக்கழகம் நாளையே எழுந்தாலும், அதன் விஞ்ஞான பீடத்திற்கு மாணவரை அனுப்ப இறக்குவானையிலும் தெரணியகலையிலும் உயர்தர வகுப்பு வேண்டும். அவ்வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும். அவ்வாசிரியரை இன்றுள்ள பல்கலைக்கழகங்களே உருவாக்க வேண்டும். ஆகவே, கூட்டுறவு அக்கோரிக்கைக்கு எதிரானது அன்று. அதற்கு இடும் அத்திவாரமே ஆகும்.

வேறு சிலர், துணைவேந்தராக நம்மவர் ஒருவர் வந்தாற் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பர். தகுதியுடைய தமிழர் ஒருவர் அப்பதவிக்கு வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இனத்தைக்கொண்டு மட்டும் தலைவரை அளப்பது, தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்விதப் பயனையும் உறுதிசெய்யாது. லயத்தின் வாசலை ஒருமுறையும் மிதியாத தமிழரும் உண்டு. தோட்டப் பாடசாலையின் ஓட்டைக் கூரையைத் தன் மாணவரோடு சென்று செப்பனிட்ட சிங்கள விரிவுரையாளரும் இருத்தல் கூடும். சப்ரகமுவத்தின் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் விஞ்ஞான ஆசிரியர் போதியவராக இல்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். றப்பர் மரத்துக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் இரு பிள்ளைகளின் குறையும் பெரும்பாலும் ஒன்றே. அதனைக் காணும் கண் உடையவரே அப்பதவிக்கு உரியவர்.

பல்கலைக்கழகத்தின் சுயாதீனத்திற்கு இவை இடையூறாகும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. எதைக் கற்பிப்பது, எவ்வாறு ஆராய்வது என்பதிற் பல்கலைக்கழகம் சுதந்திரமாகவே இருத்தல் வேண்டும். அமைச்சரின் கட்டளைக்குத் தலைவணங்கும் பல்கலைக்கழகத்தால் எவர்க்கும் நன்மையில்லை. ஆனால் சுயாதீனம் என்பது அயலாரை அறியாதிருக்கும் உரிமை அன்று. பொதுமக்களின் வரிப்பணத்தில் வாழும் நிறுவனத்திற்கு, அவ்வரிப்பணத்தின் ஒரு பகுதியைத் தன் கைவிரல்களாற் கிள்ளிக் கொணரும் தொழிலாளிக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. இந்நாட்டின் பல்கலைக்கழகங்கள் எழுந்த காலத்தில், அரசின் வருமானத்திற்குப் பெருந்தூணாக நின்றவை தேயிலையும் றப்பருமே. பேராதனையின் கருங்கற் சுவர்களில் கொழுந்துக் கூடையின் பாரமும் கலந்துள்ளது.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது தமிழர் வழக்கு. தேருக்கு வடம் ஒன்றே போதாது, இழுப்பவரும் வேண்டும், முன்னின்று எப்பொழுது இழுப்பது, எப்பொழுது நிறுத்துவது என்று குரல் கொடுப்பவரும் வேண்டும். பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு வடம் போன்றது. துணைவேந்தர்கள் குரல் கொடுப்போர். தேர் தோட்டத்துத் தெருவிலும் செல்ல வேண்டுமா, நகர வீதியோடு திரும்பிவிட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பவர் அவர்களே.

அடுத்தமுறை ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் வேண்டும் என்னும் விளம்பரம் பத்திரிகையில் வெளிவரும்போது, அது பேராசிரியர்களின் காரியம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல், தோட்டங்களில் உள்ள ஆசிரியரும் தொழிற்சங்கத்தாரும் பெற்றாரும் அதனை நின்று வாசித்தல் நன்று. பேரவையில் வெளியுறுப்பினராக உள்ளோர் யாவர் என்று கேட்டறிதல் நன்று. தம் பகுதியின் தேவைகளை எழுத்தில் வடித்துப் பேரவைக்கு அனுப்புதல் அதனினும் நன்று. மூன்று ஆண்டுகள் விரைவாகக் கழிந்துவிடும். இன்று எட்டாம் வகுப்பிற் படிக்கும் தோட்டத்துப் பெண் அம்மூன்று ஆண்டுகள் முடிகையில் உயர்தர வகுப்பைத் தேடி வாயிலில் நிற்பாள். அப்பொழுது அவளுக்கு உயிரியல் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் இருப்பாரா என்பது, இன்று நடைபெறும் தெரிவுகளையும் பொறுத்தது.